மேசையில் ஏழு அட்டை

பரிஸ் நகரில் லாச்சப்பல் மெத்ரோப் பாலத்திலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் வீடு. மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு வெள்ளைத் துணி விரித்து, பழைய சித்திரக்கதைப் புத்தகங்களின் அட்டைகளை அதில் வைத்துக் கதைக்கிறோம். தொடங்கும்போது நாங்கள் நாலு பேர். எல்லோரும் யாழ்ப்பாணத்தில் முத்து காமிக்ஸ் வாசித்து வளர்ந்தவர்கள். பிறகு புதுச்சேரிக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். இப்போது இங்கே பிறந்த பிள்ளைகளும் வருகிறார்கள். தங்கள் பிரெஞ்சு ஆல்பங்களை முதுகுப்பையில் கொண்டுவருகிறார்கள். எதை எடுத்து வைப்பது, என்ன சொல்வது என்று அந்தப் பிள்ளைகள் கேட்கக் கேட்க வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. தலைப்பைக் கண்ணால் தேடுங்கள்.

முதல் தடவை வருகிறவர் பெரும்பாலும் ஒரே நாயகனின் பத்துப் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு வருவார். பத்தையும் வரிசையாக வைத்தால் பார்க்கிறவர் 'நல்லாயிருக்கு' என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் பக்கம் போய்விடுவார். நாயகன் பெயர் அலுமாரியில் அடுக்கத்தான் உதவும். மேசைக்கு வேண்டியது கண்ணில் படுகிற ஒன்று: கை, முகமூடி, நெருப்பு, ரயில், பாலைவனம், படிக்கட்டு.

'கை' என்ற தலைப்பை நாங்கள் வைத்த நாளைச் சொல்கிறேன். சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி', 1972 இல் வந்தது. மூலக்கதை லண்டனில் 1962 இல் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கியது. படம் வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹேசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துபோகும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அந்தக் கைக்குப் பக்கத்தில் முகமூடி மாயாவியின் மண்டையோட்டு மோதிரம் போட்ட கையை வைத்தோம். அதற்குப் பக்கத்தில் மந்திரவாதி மாண்ட்ரேக் விரல்களை விரித்து எதிராளியை மயக்குகிற கை. ஒன்று பிடிக்கிற கை, ஒன்று குத்துகிற கை, ஒன்று தொடாமலே வெல்லுகிற கை. மோதிரக்காரனையும் மந்திரவாதியையும் படைத்தவர் லீ ஃபாக் என்ற ஒரே ஆள் என்று நான் சொன்னதும் ஒரு பிள்ளை இரண்டு அட்டையையும் கிட்டக் கொண்டுவந்து கனநேரம் பார்த்தாள். அவள் முன்பு இரண்டையும் வாசித்ததில்லை.

2. ஏழுக்கு மேல் வைக்காதீர்கள்.

எட்டாவது அட்டை வந்தால் கண் எண்ணத் தொடங்கிவிடும். பார்ப்பதை விட்டுவிடும். மிச்சத்தைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள், அடுத்த மாதம் வரும்.

3. தமிழ் அட்டை ஏன் அப்படி இருக்கிறது என்று முதலில் உங்களுக்கு விளங்க வேண்டும்.

பிரெஞ்சு நண்பர்கள் வந்து பார்த்தால் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ஏன் இத்தனை மஞ்சள், இத்தனை சிவப்பு? இதற்குத் தலைகுனியத் தேவையில்லை. சிவகாசி பட்டாசும் தீப்பெட்டியும் செய்கிற ஊர். அவற்றுக்கு லேபல் அடிக்க வந்த அச்சகங்கள்தான் பிறகு கலண்டரும் புத்தக அட்டையும் அடித்தன. தூரத்திலிருந்தே பட்டாசுப் பெட்டி கண்ணைப் பிடிக்க வேண்டும் என்று பழகிய ஊரின் கைதான் காமிக்ஸ் அட்டையிலும் வேலை செய்தது. பெட்டிக்கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்குகிற புத்தகத்துக்கு அந்த நிறம் தேவைப்பட்டது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். அந்தக் காலத்து முத்து, லயன் காமிக்ஸ் புத்தகங்களைத் திறந்து பாருங்கள். உள்ளே பெரும்பாலும் கறுப்பு மை மட்டும்தான், தாளும் மங்கல். முழு வண்ணம் அட்டையில் மட்டுமே இருந்தது. ஆகவே அட்டை எங்களுக்கு வெறும் வாசல் இல்லை. உள்ளே கறுப்பு வெள்ளையில் ஓடுகிற குதிரைக்கு என்ன நிறம், நாயகனின் சட்டைக்கு என்ன நிறம் என்று அட்டையைத் திருப்பிப் பார்த்துத்தான் முடிவு செய்தோம். எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகள் இலங்கைக்கு வரக் கட்டுப்பாடு இருந்தது. ஒரு புத்தகம் கிடைத்தால் பத்து வீடு சுற்றும். முறை வராத பொடியன் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு, கதையைத் தானே கட்டி மற்றவனுக்குச் சொல்லுவான். அப்படிக் கட்டிய கதை சில வேளை புத்தகத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தது.

இங்கே பிறந்த பிள்ளைகள் வாசித்த பிரெஞ்சு ஆல்பத்தில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வண்ணம். ஆகவே அங்கே அட்டை அமைதியாக இருக்கலாம், இடம் விட்டு வரையலாம். இரண்டையும் பக்கத்தில் வைக்கும்போது எது வடிவு என்று கேட்காதீர்கள். எந்த அட்டைக்கு எவ்வளவு வேலை இருந்தது என்று கேளுங்கள்.

வெளிநாட்டுக் கதைக்கு வந்த அட்டையை அப்படியே போடாமல் புதிதாக வரைந்தும் தந்தார்கள் சிவகாசி ஓவியர்கள். லயன் காமிக்ஸ் வாசகர்களுக்கு மாலையப்பன் என்ற பெயர் தெரியும். பல அட்டைகளில் கையொப்பமே இல்லை. கையொப்பம் இருந்தால் விரலை வைத்துக் காட்டுங்கள், தூரிகை பிடித்தவரின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள்.

4. ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு துண்டு எழுதி வையுங்கள்.

அரைத் தாள் போதும். தமிழ்ப் பெயர், மூலப் பெயர், வரைந்தவர், வருடம். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். தெரியாத இடத்தை வெறுமையாக விட்டால் மேசையில் யாராவது நிரப்புவார்கள்.

எங்கள் மொழியில் பெயர்கள் மாறி வந்திருப்பதால் இந்தத் துண்டு கட்டாயம். இங்கே எல்லோரும் ப்ளூபெரி என்று சொல்கிறவர் எங்களுக்குக் கேப்டன் டைகர். ரிக் ஓஷே எங்களுக்கு ரிப்போர்ட்டர் ஜானி. இஸ்னோகூட் 'மதியில்லா மந்திரி'. 13 என்ற எண்ணை ரோம எழுத்தில் போட்டு வந்த தொடர் 'இரத்தப் படலம்'. 'மாயாவி' என்றால் முத்து காமிக்ஸ்காரர் இரும்புக் கையை நினைப்பார், ராணி காமிக்ஸ்காரர் முகமூடிக்காரனை நினைப்பார். இருவரும் அரை மணித்தியாலம் வேறு வேறு ஆளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதே முகமூடிக்காரன் பிரான்சில் 'லே ஃபந்தோம் து பெங்கால்', வங்காளத்து ஆவி. உடுப்பின் நிறமும் நாட்டுக்கு நாடு வேறு: அமெரிக்காவில் ஊதா, இத்தாலியில் சிவப்பு, சுவீடனில் நீலம். 'ஒரே ஆள், பல நிறம்' என்று ஒரு ஞாயிறை இதற்கே ஒதுக்கலாம்.

பெயர் மாற்றத்தை நல்ல மொழிபெயர்ப்புப் பாடமாகவும் பார்க்கலாம். ஷார்லியே எழுதி ஜான் ஜிரோ வரைந்த ப்ளூபெரி 1963 இல் 'பிலோத்' இதழில் தொடங்கியது. அதில் 1972 இல் ஆல்பமாக வந்த இரண்டு பாகங்களின் பெயர்களைத் தமிழில் சொன்னால், ஒன்று 'தொலைந்த ஜெர்மன்காரனின் சுரங்கம்', மற்றது 'தங்கத் தோட்டாக்களின் ஆவி'. தமிழில் அந்தக் கதைக்கு 'தங்கக் கல்லறை' என்று பெயர். சுரங்கமும் சாவும் தங்கமும் இரண்டே சொல்லுக்குள். அந்தப் பெயரை இங்குள்ள பிள்ளைகளுக்குப் பிரெஞ்சில் விளங்கப்படுத்தியபோது, 'மூலத்தைவிட இது நல்லாயிருக்கு மாமா' என்றான் ஒருவன். எனக்கு அன்று பெரிய சந்தோசம்.

5. வருடத்தைப் பின்னட்டையில் தேடுங்கள்.

பிரெஞ்சு ஆல்பம் என்றால் உள்ளே 'தெப்போ லெகால்' என்று ஒரு தேதி இருக்கும். அது மட்டும் போதாது. பின்னட்டையில் அதே தொடரின் மற்ற ஆல்பங்களின் பட்டியல் இருக்குமானால், அதில் கடைசியாக வந்திருக்கிற பெயரைப் பாருங்கள். 1962 இல் வந்த ஆல்பத்தின் பின்னட்டையில் 1970 இல் வந்த ஆல்பத்தின் பெயர் இருந்தால் கையில் இருப்பது மறுபதிப்பு. தமிழில் இரும்புக்கை மாயாவி கதைகள் பல தடவை மறுபதிப்பாக வந்தன. விலையையும் விலாசத்தையும் விளம்பரத்தையும் பாருங்கள். மறுபதிப்பை மேசையில் வைப்பதில் ஒரு குறையும் இல்லை. மறுபதிப்பு என்று துண்டில் எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான்.

6. மேசையில் விலை கதைக்காதீர்கள்.

2021 ஜனவரியில் இந்தப் பரிசில்தான், ஆர்க்யூரியால் ஏலக்கூடத்தில், 'நீலத் தாமரை' என்ற டின்டின் கதைக்கு எர்ஜே 1936 இல் வரைந்த அட்டை ஓவியம் 31 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. கறுப்புப் பின்னணியில் சிவப்பு டிராகன். அச்சிடச் செலவு அதிகம் என்று பதிப்பகம் ஒதுக்க, புத்தகத்தில் சிவப்புப் பின்னணியில் கறுப்பு டிராகன் வந்தது. இந்தச் செய்தி வந்த மாதம் எங்கள் மேசை கெட்டுப்போனது. அவரவர் தங்கள் புத்தகம் என்ன விலை போகும் என்று கேட்கத் தொடங்கினார்கள். இரண்டு மாதம் யாரும் ஒரு படத்தை ஒழுங்காகப் பார்க்கவில்லை. விலை வேண்டுமானால் 'பேடேஎம்' என்ற விலைக் கையேடு இருக்கிறது, தனியாக இருந்து பாருங்கள்.

அந்த ஏலத்தில் எனக்குப் பிடித்தது வேறு. அந்த ஓவியம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மடிப்புக் கோடுகள் படத்தின் மேல் இன்றும் தெரிகின்றன.

7. கிழிந்ததையும் மடித்ததையும் கொண்டுவாருங்கள்.

என்னிடம் ஒரு அட்டை இருக்கிறது. புத்தகம் இல்லை, அட்டை மட்டும். எண்பதுகளில் நான் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் அக்கா கடிதத்தோடு அனுப்பினா. புத்தகமாக அனுப்பினால் நிறை கூடும், வந்து சேருமோ தெரியாது என்று அட்டையை மட்டும் கழற்றி, நாலாக மடித்து, கடித உறைக்குள் வைத்திருந்தா. கம்பி இருந்த இரண்டு ஓட்டையைச் சுற்றியும் துருக்கறை. மடிப்பு வழியே சிவப்பு மை உதிர்ந்து வெள்ளைத் தாள் தெரிகிறது, அந்தக் கோடு சரியாக இரும்புக் கையின் மணிக்கட்டில் போகிறது. பின்பக்கம் சின்ன வயதில் நானே பென்சிலால் எழுதிய என் பெயர், வகுப்பு, 'இரவல் கொடுக்கப்படமாட்டாது' என்ற வசனம். நாங்கள் இருந்த வீடு இப்போது இல்லை. அந்தப் பெட்டியில் இருந்த மற்றப் புத்தகங்களும் இல்லை.

பல வருடம் இதை நான் மேசைக்குக் கொண்டுவரவில்லை. நல்ல நிலையில் உள்ளதை மட்டும் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். 'மடிப்பு' என்று ஒரு ஞாயிறு தலைப்பு வைத்தபோதுதான் எடுத்தேன். அன்று வந்தவர்கள் எல்லோரிடமும் இப்படி ஒன்று இருந்தது: கடவுச்சீட்டுக்குள் வந்தது, தலையணை உறைக்குள் வந்தது, கரையான் ஓரத்தைத் தின்றது. அன்று இரவு பத்தரைக்குத்தான் எழும்பினார்கள்.

8. வெயில், எண்ணெய், ஒட்டுத்தாள்.

ஃபோபூர் சன் தெனி வீதியில் கடைக் கண்ணாடிக்குள் ஒட்டியிருக்கும் பழைய சினிமாச் சுவரொட்டிகளைப் பாருங்கள். நாயகியின் முகம் நீலமாக இருக்கும். வெயில் மஞ்சளையும் சிவப்பையும் முதலில் தின்னும், நீலம் கடைசிவரை நிற்கும். உங்கள் அட்டையை யன்னல் பக்கம் வைத்தால் இதே கதிதான். ரோல்ஸும் பற்றீஸும் குசினியில் இருக்கட்டும். மேசைக்கு வருமுன் கையைக் கழுவி வடிவாகத் துடையுங்கள். கிழிசலுக்குச் செலோரேப் ஒட்டாதீர்கள். பத்து வருடத்தில் அது பழுத்து, உரிக்கும்போது மையையும் கொண்டுபோகும். படம் எடுப்பதென்றால் உச்சியிலிருந்து நேராக எடுங்கள், பளிச்சென்ற வெளிச்சம் அட்டையில் அடிக்காமல்.

9. இல்லாததையும் தலைப்பாக வைக்கலாம்.

நாங்கள் வைத்ததில் எனக்கு ஆகப் பிடித்த தலைப்பு இதுதான். முதலில் இரும்புக்கை மாயாவி: உடலே இல்லை. அடுத்து லக்கி லூக். மொரிஸ் 1946 இல் படைத்த அந்தக் குதிரைவீரன் வாயில் எப்போதும் சிகரெட் இருக்கும். 1983 இலிருந்து அந்த இடத்தில் ஒரு புல்லுத் துரும்பு. பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

அடுத்து, பிரான்சில் 1949 ஜூலை 16 இல் சிறுவர் வெளியீடுகளுக்கு வந்த சட்டம். அதற்கென ஒரு கண்காணிப்புக் குழுவும் வந்தது. அதற்குப் பயந்து வெளியீட்டாளர்கள் மலிவு விலைக் குட்டிப் புத்தகங்களில் துப்பாக்கிகளை வெள்ளை மை பூசி அழித்தார்கள், பெண்களின் கழுத்தை உயர்த்தினார்கள். சனிக்கிழமையோ ஞாயிறோ 15 ஆம் வட்டாரத்தில் ஜோர்ஜ் பிரசன்ஸ் பூங்காப் பக்கம் நடக்கும் பழைய புத்தகச் சந்தைக்குப் போனால் இந்தக் குட்டிப் புத்தகங்கள் கிடைக்கும். காற்றை இறுக்கிப் பிடித்திருக்கிற ஒரு கையைக் கண்டால், அந்தக் கைக்குள் என்ன இருந்தது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.

கடைசியாக பெக்கசீன். பிஞ்சோன் வரைய, 1905 பெப்ரவரியில் 'லா செமேன் து சுசெத்' முதல் இதழில் வந்தவள். பிரெத்தோன் கிராமத்திலிருந்து சீமாட்டி வீட்டில் வேலை செய்ய வந்த பெண். பச்சைச் சட்டை, தலையில் வெள்ளைத் துணி, கையில் குடை. வட்ட முகம், இரண்டு புள்ளிக் கண், சின்ன மூக்கு. அநேகமாக எந்த அட்டையிலும் அவளுக்கு வாய் இல்லை. பிரெத்தோன் மக்களில் பலருக்கு அவள் மேல் கோபம் இருந்தது, தங்கள் பெண்களைப் பேச்சற்ற பேதைகளாகக் காட்டியதென்று. இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது, முப்பது வருடம் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை செய்த ஒரு அக்கா அந்த அட்டையை வாங்கி வைத்திருந்தா. வந்த முதல் மூன்று வருடம் வேலை இடத்தில் தானும் இப்படித்தான் இருந்ததாகச் சொன்னா, 'போன்ஜூர்' தவிர வேறு சொல் வாயில் வராமல். அவ காமிக்ஸ் வாசிக்கிற ஆள் இல்லை. கணவரோடு கூட வந்தவ. இப்போது எந்த மாதமும் தவறுவதில்லை.

10. நோகடிக்கும் அட்டைகளைத் தனியே, பேச்சோடு வையுங்கள்.

பழைய அட்டைகளில் ஆப்பிரிக்க மக்களை வரைந்த விதம் கொடுமையானது. 1931 இல் ஆல்பமாக வந்த 'டின்டின் கொங்கோவில்' எல்லோருக்கும் தெரிந்தது. முகமூடி மாயாவி கதைகளிலும் காட்டுவாசிகள் வெள்ளைக்காரனைக் கும்பிடுகிறார்கள். நாங்கள் அதைச் சின்ன வயதில் ஆசையாக வாசித்தோம், அதையும் மறைக்கக் கூடாது. லாச்சப்பலில் எங்கள் படிக்கட்டில் கொங்கோக்காரரும் மாலிக்காரரும் குடியிருக்கிறார்கள், அவர்களின் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளோடு இந்த மேசைக்கு வருகிறார்கள். ஆகவே அப்படி ஒரு அட்டையைப் பொழுதுபோக்குத் தலைப்புக்குள் மற்றவற்றோடு சொருகாதீர்கள். யார் வரைந்தது, எந்த ஆட்சியில், யாருக்கு விற்க என்று முதலில் சொல்லுங்கள். சொல்ல ஆயத்தமில்லை என்றால் அன்று பையிலேயே இருக்கட்டும்.

11. இரட்டைப் பிரதி இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

வயது போனவர்களுக்கு முதலில். அவர்கள் தேடி அலைய முடியாது. 1984 ஜூலையில் லயனும் ராணியும் ஒரே மாதத்தில் தொடங்கின. அந்த வருடத்துப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்துப் பாருங்கள், அவர் எந்தக் கடையில், எந்தச் சைக்கிளில் போய் வாங்கினார் என்பது வரை சொல்லுவார். அதைக் குறித்து வையுங்கள்.

12. இன்னும் வாசிக்காத பிள்ளையை முதலில் கேளுங்கள்.

தெரிந்தவர் முந்திக்கொண்டு கதைத்தால் தெரியாதவர் வாயை மூடிக்கொள்வார். பஜோல் மண்டபத்து வாக்லாவ் ஹாவெல் நூலகத்திலிருந்து மங்கா எடுத்து வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதையும் மேசையில் வைக்க விடுங்கள். ஜப்பான் புத்தகத்தின் முன்னட்டை எங்கள் பின்னட்டை இருக்கிற பக்கத்தில் இருக்கும் என்று எனக்குக் காட்டித் தந்தது பதினொரு வயதுப் பிள்ளை.

அடுத்த மாதத் தலைப்பு 'மழை'. என்னிடம் இரண்டுதான் இருக்கின்றன. ஒன்றில் மழையை வெள்ளைக் கீறலாகப் போட்டிருக்கிறார்கள், மற்றதில் குடையை மட்டும் வரைந்து மழையை விட்டுவிட்டார்கள். ஐந்து அட்டை குறைகிறது. மூன்று மணிக்கு வாருங்கள், பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பரிசில் அந்த மாதம் எப்படியும் தூறும்.